பச்சை நாளில் இறங்காத கை

பச்சை நிறத்து நாளன்று காலை எட்டேகாலுக்கு ஒரு மனிதன் ஓடும் வண்டியிலிருந்து விழுந்தான், அவனுடைய வலது கை மட்டும் விழவில்லை. வாசல் நடுவில் நிற்கும் எவர்சில்வர் கம்பியைப் பிடித்தது பிடித்தபடியே அது வண்டியோடு பம்பாய்க்குள் போனது. முழங்கைக்கு நாலு விரல் கீழே அந்தக் கை முடிந்துவிட்டிருந்தது. முடிந்த இடத்தில் ரத்தம் இல்லை, எலும்பு தெரியவில்லை, கொழுக்கட்டையின் வாயை விரலால் அழுத்தி மூடியதுபோலத் தோல் மூடியிருந்தது. மணிக்கட்டில் கறுப்பு வார்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவிரலின் முட்டியில் மட்டும் ஒரு அடி விழுந்து, வளையமாகக் கன்றிப்போயிருந்தது.

அந்த அடியை அடித்தவர் பொன்னுரங்கம்.

ஐம்பத்து மூன்று வயதான பொன்னுரங்கம் கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியின் பிட்டர். முப்பது வருடங்களாக மோட்டார் மாட்டுகிறவர், அவர் மாட்டியதை இன்னொருவர் பத்து வருடத்துக்குத் திறக்க வேண்டியதில்லை என்று முதலாளி நாலு பேர் முன்னால் சொல்லும் அளவுக்குக் கைராசிக்காரர், பெற்ற பிள்ளைகளைக்கூட அதட்டியதோடு நிறுத்திக்கொண்டவர், அதைப் பற்றி உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமும் உள்ளவர். பம்பாய் பைகுல்லாவில் இருபத்திரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் தண்ணீர் மேலே ஏற மறுத்தது. தசராவுக்குள் சரிசெய்து கொடுத்துவிட்டு வரும்படி ஆறு நாளைக்கு அவரை அனுப்பினார்கள். தங்குவதற்கு ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கல்யாணில் ஒரு லாட்ஜைப் பிடித்துக் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை மஞ்சள் நாள். நவராத்திரியில் அந்த ஊருக்கு நாளுக்கு ஒரு நிறம் உண்டு. பத்திரிகையில் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள், அந்த நிறத்தில்தான் வேலைக்குப் போகிற பெண்கள் அத்தனை பேரும் உடுத்துவார்கள். படிக்கட்டுப் பாலத்தின் மேலே நின்று பார்த்த பொன்னுரங்கத்துக்கு, நடைமேடை முழுக்க மஞ்சளைக் கொட்டிப் பரப்பியதுபோல இருந்தது. பாலத்தின் இரண்டு பக்கமும் செண்டுமல்லிச் சரமும் மாவிலையும் தொங்கின, கம்பத்துக்குக் கம்பம் சீரியல் பல்புகள் பகலிலும் எரிந்தன, எங்கேயோ ஒரு ஒலிபெருக்கி அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, இத்தனை அலங்காரத்துக்கும் நடுவில் மூன்று வண்டிகள் வந்து, மூன்றிலும் அவரால் ஏற முடியாமல், மூன்றும் போய்விட்டன. மூன்றாவது வண்டி அவருடைய சட்டைப் பொத்தான் இரண்டைக் கொண்டுபோனது.

அப்போதுதான் பலவேசம் அவரைக் கண்டுபிடித்தான். தாராவியில் பிறந்து கல்யாணில் வீடு வாங்கிய திருநெல்வேலிக்காரன், நாற்பது வயது, துணிக்கடையில் வேலை.

"அண்ணாச்சி, நெத்தியில துண்ணூறு, கையில டூல்ஸ் பை. நம்மூருன்னு தூரத்துலயே தெரியுது. இப்படி நின்னியன்னா நாளைக்கும் இங்கதான் நிப்பிய. வாங்க என்கூட."

ஏழு ஐம்பத்திரண்டுக்கு வந்த வண்டியில் நாலாவது பெட்டியின் இரண்டாவது வாசலில், உள்ளேயிருந்து நாலு கைகள் நீண்டு பொன்னுரங்கத்தைத் தூக்கி உள்ளே வைத்தன. அந்த வாசல் ஒரு குழுவினுடையது. யார் எங்கே நிற்பது, யார் எந்த ஸ்டேஷன் வரை உட்காருவது, யாருடைய பை எந்தக் கொக்கியில் என்று எல்லாம் இருபது வருடங்களாக நிலைத்த விஷயம். குழுவுக்குத் தலைவர் தத்தாராம். எல்லோரும் அவரை தத்தா பாவு, அதாவது தத்தா அண்ணன் என்றார்கள். வெள்ளை மீசை, கழுத்தில் துளசி மாலை, இடுப்பில் ஒரு ஜோடி ஜால்ரா. ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது.

"இது வண்டி இல்ல அண்ணாச்சி, வீடு," என்றான் பலவேசம். "ஒரே ஒரு சட்டந்தான். நடுவுல வர தானே ஸ்டேஷன்ல இறங்குதவன் இதுல ஏறக்கூடாது. அவனுக்குன்னு நின்னு நின்னு போற வண்டி ஆயிரம் இருக்கு. நம்ம வண்டியில ஏறி, நம்ம இடத்துல நின்னுட்டு, நடுவழியில எல்லாரையும் இடிச்சிட்டு இறங்குவானாம். விடுவமா?"

"ஏறிட்டா என்ன பண்ணுவீங்க தம்பி?"

"இறங்க விடமாட்டோம். கடைசி வரைக்கும் வரட்டும். மறுநாள் ஏறமாட்டாம்லா."

பொன்னுரங்கத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நாலு மணி நேரம் கழித்து மோட்டாருக்கு அடியில் படுத்திருக்கும்போதும் நியாயமாகவே பட்டது. தத்தா பாவு இறங்கும்போது அவருடைய தோளைத் தட்டி "மதராசி, நாளைக்கும் வா" என்றதை நினைத்தபோது, இந்தப் பெரிய ஊரில் ஒரே நாளில் தனக்கு ஒரு சாண் இடம் கிடைத்துவிட்டதே என்று நெஞ்சு நிறைந்தது. மனைவி மரகதத்துக்குப் போன் போட்டு அலங்காரத்தையெல்லாம் சொன்னார்.

மறுநாள் பச்சை. வழியில் டோம்பிவ்லி ஸ்டேஷனில் ஒருவன் ஏறினான். முப்பத்தைந்து வயதிருக்கும், கட்டம் போட்ட சட்டை, தொப்பி, சாப்பாட்டுப் பை. ஏறியதும் முன்னால் நின்றவன் தோளைத் தொட்டு, தானேயில் இறங்க வேண்டும், கொஞ்சம் வழிவிடுங்கள் என்று மரியாதையாகக் கேட்டான். அந்த மரியாதைதான் அவனுக்கு வினையாக முடிந்தது. மரியாதையாகக் கேட்பவன் புதியவன் என்று வாசலுக்குத் தெரியும். யாரோ சிரித்தார்கள். யாரோ அவன் தொப்பியைத் தட்டி வெளியே பறக்கவிட்டார்கள். தானே ஸ்டேஷன் வந்து வண்டி நின்றபோது ஒன்பது முதுகுகள் சுவராகி நின்றன, அவன் அந்தச் சுவரைக் குடைந்தான், கெஞ்சினான், இன்றைக்கு வேலையில் சேரும் நாள் என்றான், பிறகு பொறுமையிழந்து ஒருவனுடைய காலரைப் பிடித்தான், அவ்வளவுதான், முதல் குத்து அவன் வாயில் விழுந்தது, இரண்டாவது குத்து எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகு குத்துகளை எண்ணுவதற்கு இடைவெளி இல்லை, முழங்கையும் முழங்காலும் டிபன் கேரியரும் செருப்பும் சேர்ந்து ஒரே அடியாக விழுந்தன. வண்டி நகர ஆரம்பித்ததும் ஒரு குரல், "இறங்கணும்னுதானே கேட்டே? இறங்கு!" என்றது. அவனை வெளியே தள்ளினார்கள்.

உடம்பு முழுக்க வெளியே போயும் வலது கை கம்பியை விடவில்லை. நடைமேடை பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"கையை எடுக்க வை!" என்று கத்தினார் தத்தா பாவு.

கம்பிக்குப் பக்கத்தில் நின்றது பொன்னுரங்கம். அவருடைய பை திறந்திருந்தது. வளைய வாய் வைத்த பதினேழாம் நம்பர் ரிங் ஸ்பானர் அவர் கைக்கு எப்படி வந்தது என்று பிற்பாடு எவ்வளவோ யோசித்தும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஒன்பது பேரும் தன்னைப் பார்த்தது மட்டும் ஞாபகம் இருந்தது. இறுகிப்போன நட்டைத் தளர்த்த ஓரத்தில் ஒரு தட்டு தட்டுவாரே, அதே அளவில் ஒரே ஒரு தட்டு. விரல் முட்டி நொறுங்கிய சத்தம் இரும்பு வழியாக அவருடைய உள்ளங்கைக்கு வந்தது.

ஆள் விழுந்தான். கை நின்றது.

யாரும் கூச்சல் போடவில்லை. தத்தா பாவு குனிந்து அந்தக் கையின் கடிகாரத்தைப் பார்த்துத் தன் கடிகாரத்தை ஒரு நிமிடம் தள்ளி வைத்துக்கொண்டார். மூலையிலிருந்து ஒருவர், "இதுக்கும் ஒரு ஆள் இடம் போச்சு" என்று சலித்துக்கொண்டார்.

"முகத்த ஏன் இப்படி வச்சிருக்கிய அண்ணாச்சி?" என்றான் பலவேசம். "கைதான. ஆளா?"

புதன்கிழமை சாம்பல் நிறம். அன்றைக்கு ஏழு ஐம்பத்திரண்டாக வந்தது வேறு வண்டி, வேறு பெட்டிகள், சன்னல் கம்பிகளின் பெயிண்ட்கூட வேறு. ஆனாலும் நாலாவது பெட்டி இரண்டாவது வாசலின் கம்பியில் அதே கை, அதே உயரத்தில், வெதுவெதுப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு காவலர் வந்து பார்த்தார். இழுத்துப் பார்த்தார். வரவில்லை. 'பயணி விட்டுச்சென்ற பொருள்' என்று சீட்டு எழுதி மணிக்கட்டில் நூலால் கட்டிவிட்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப்போனார். சீட்டு கட்டியாகிவிட்டதால் விஷயம் ஒழுங்காகிவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதியாயிற்று. கடிகார முள்ளைப் பார்த்து இறங்கத் தயாரானார்கள். மிச்சமிருந்த முன்கை வாகாக இருந்ததால் சாப்பாட்டுப் பைகளை மாட்டினார்கள், முதலில் ஒன்று, அப்புறம் நாலு. நகம் வளர்ந்திருப்பதைப் பார்த்த ஒரு முடிதிருத்துபவர் நகவெட்டியை எடுத்து வெட்டிவிட்டார். அன்று மாலை அதே பெட்டி திரும்பும்போது டோம்பிவ்லி வளைவில் ஒரு கல்லூரிப் பையன் வாசலிலிருந்து சறுக்கியபோது, அந்தக் கை கம்பியை நொடி நேரம் விட்டு அவன் சட்டையைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு மறுபடியும் கம்பியைப் பிடித்துக்கொண்டதை இருபது பேர் பார்த்தார்கள். அந்த நிமிடத்திலிருந்து அது சாமி ஆயிற்று. மணிக்கட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு துணி கட்டினார்கள், மறுநாள் ஆரஞ்சு கட்டினார்கள்.

கன்றிப்போன முட்டி மட்டும் ஆறவில்லை. அது நீலமாகி, கறுத்து, வீங்கியபடியே இருந்தது. "எந்தப் பாவி இப்படி அடிச்சானோ" என்றார் முடிதிருத்துபவர், செவ்வாய்க்கிழமை விழுந்தவனுடைய இடுப்பில் உதைத்தவர். "கை விளங்காமப் போகும் அவனுக்கு," என்றார் இன்னொருவர். தத்தா பாவு கண்ணை மூடி ஜால்ராவைத் தட்டினார். அவர்கள் நடிக்கவில்லை என்பதுதான் பொன்னுரங்கத்துக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. சாமி கும்பிடும் நேரத்தில் அவர்களுக்கு உண்மையிலேயே மறந்துவிட்டிருந்தது. தட்டினேனா, அடித்தேனா என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். தட்டினேன் என்றால் தூங்க முடிந்தது, அடித்தேன் என்றால் முடியவில்லை. அடிக்கச் சொன்னார்கள், ஒன்பது பேர் பார்த்தார்கள், அதெல்லாம் சரி. ஆனால் ஓங்கிய நேரத்தில் ஒரு சந்தோஷம் இருந்ததே, நாமும் இந்த வீட்டு ஆள்தான் என்று, அந்தச் சந்தோஷத்தை யார் படச் சொன்னார்கள்? பைகுல்லாவில் பதினேழாம் நம்பரை அவரால் எடுக்க முடியவில்லை. வேறு ஸ்பானரை வைத்து முடுக்கினார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் மாட்டிய பம்ப் ஒழுகியது.

வியாழக்கிழமை தானே நடைமேடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஊரே ஆரஞ்சு உடுத்தியிருந்த அன்று அவள் மட்டும் பச்சையில் இருந்தாள், இரண்டு நாளாக மாற்றாத பச்சை. வாசலுக்கு நேராக வந்து சத்தம் போட்டாள்.

"என்ன சொல்றாங்க தம்பி?"

பலவேசம் அவளைப் பார்க்காமலே சொன்னான். "அவ புருசன் கையாம். பெரியாஸ்பத்திரில கெடக்கானாம். இங்க நடக்கதெல்லாம் அவனுக்கு அங்க தெரியுதாம் அண்ணாச்சி. பை மாட்டுனா கனக்குதுன்னு அலறுதானாம். நேத்து நகம் வெட்டுனாங்களாம், சுண்டுவிரல்ல ஒட்ட வெட்டிட்டாங்களாம்."

முடிதிருத்துபவர் நகவெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் கம்பியை எட்டிப் பிடிக்க வந்தாள். தத்தா பாவு, துளசி மாலை போட்ட தத்தா பாவு, தன் உள்ளங்கையை அவள் முகத்தில் வைத்துத் தள்ளினார். அவள் மல்லாந்து விழுந்தாள். வண்டி கிளம்பிவிட்டது.

"கொடுத்துடலாமுங்களே," என்றார் பொன்னுரங்கம். பலவேசம் அதை மொழிபெயர்த்தான்.

"எடுக்க வரலையே," என்றார் தத்தா பாவு. "வந்தாலும், கொடுத்தால் என்ன கேட்பார்கள்? இத்தனை நாள் யார் வைத்திருந்தது, யார் அடித்தது என்று கேட்பார்கள். நீ சொல்வாயா, மதராசி?"

பொன்னுரங்கம் டூல்ஸ் பையின் வாயை இழுத்து மூடினார்.

வழக்கமாக ஆயுத பூஜையன்று ஒரு நாள்தான் ரயில் பெட்டிக்கு அலங்காரம். அந்த வருடம் நாலாவது பெட்டியின் அலங்காரம் வெள்ளிக்கிழமையே ஆரம்பித்தது. முதலில் கம்பிக்கு ஒரு மாலை, அப்புறம் கை தெரியாதபடி இன்னும் ஏழு மாலை, அப்புறம் வாசலுக்கு மேலிருந்து கீழ்வரை செண்டுமல்லித் திரை, ஜிகினாத் தாள், பலூன். அன்றைக்கு வெள்ளை நாள், அவள் பச்சையிலேயே வந்து திரையைப் பிடித்தபடி வண்டியோடு ஓடினாள். உள்ளேயிருந்து யாரோ ஒரு கேரியரை அவள் விரல்மேல் இறக்கினார்கள். பூக்களுக்கு உள்ளேயிருந்து, விரல் முட்டியால் கம்பியைத் தட்டும் சத்தம் தாதர் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டது. எல்லோரும் சேர்ந்து பஜனை பாடினார்கள்.

சனிக்கிழமை சிவப்பு, ஆயுத பூஜை நாள். அன்று சாயங்காலம் பொன்னுரங்கத்துக்கு ஊருக்கு டிக்கெட் இருந்தது. காலையில் வண்டிக்குள் நுழைந்தபோது தலைக்கு மேல் தோரணம், சீட்டுக்கெல்லாம் குங்குமப் பொட்டு, பெட்டியே கல்யாண மண்டபமாக இருந்தது. கம்பியின் அடியில் சிவப்புத் துணி விரித்து அவரவர் ஆயுதத்தை வைத்திருந்தார்கள்: கத்தரிக்கோல், கால்குலேட்டர், ஸ்டெதாஸ்கோப், பலவேசத்தின் துணி அளக்கும் கோல்.

"மதராசி, உன் ஆயுதம் எங்கே?"

பொன்னுரங்கம் பதினேழாம் நம்பரை எடுத்து வைத்தார். தத்தா பாவு மாலைகளை விலக்கிக் கைக்குச் சந்தனம் பூசினார். முட்டியில் இருந்த வளையத் தழும்புக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. கீழே ஸ்பானரின் வளையத்தைப் பார்த்தார். தழும்பைப் பார்த்தார். பொன்னுரங்கத்தைப் பார்த்துச் சிரித்தார், சொந்தக்காரனைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி, பிறகு சந்தனத்தை அந்த இடத்தில் மட்டும் கனமாக அப்பிவிட்டு ஸ்பானருக்குக் குங்குமம் வைத்தார். அந்தச் சிரிப்புதான் பொன்னுரங்கத்தை எழுப்பியது. சாகும் வரைக்கும் இந்தச் சிரிப்புக்கு நான் சொந்தக்காரன் என்று நினைத்தார்.

டோம்பிவ்லி தாண்டியதும் ஜால்ரா உச்சத்துக்குப் போனது. பூ சரிகிறது, கட்டிவிடுகிறேன் என்று சைகை காட்டிவிட்டு அவர் மண்டியிட்டார். முதல் நாளே கண்ணில் பட்டதுதான், முப்பது வருடப் பழக்கம், எந்த இரும்பைப் பார்த்தாலும் எது எதைப் பிடித்திருக்கிறது என்றுதான் கண் முதலில் போகும்: கம்பியின் அடித்தட்டில் மூன்று போல்ட், மேலே வெறும் செருகல். பதினேழாம் நம்பர் கச்சிதமாக உட்கார்ந்தது. முதல் போல்ட் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது துருவேறியிருந்தது. வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்து கூச்சலெல்லாம் இரண்டு மடங்காகச் சுவரில் மோதியபோது, அவர் முழு எடையையும் போட்டு அதை அசைத்தார். வெளிச்சம் வந்தது, கம்பி அவர் தோளில் சாய்ந்தது. கை அதை விடவில்லை.

தானேயில் வண்டி நின்றதும் அவர் கம்பியோடு எழுந்தார்.

"என்ன அண்ணாச்சி பண்ணுதிய!" பலவேசத்துக்குத்தான் முதலில் புரிந்தது, முதல் அடியும் அவனுடையதாகவே இருந்தது. "நாளைக்கும் நான் இந்த வண்டியில வரணும்லா! உங்களுக்கென்ன, ஊருக்குப் போயிருவிய!" அடித்துக்கொண்டே அழுதான். ஒன்பது முதுகுகளும் சுவராயின. பொன்னுரங்கம் அந்தச் சுவரைக் குடைந்தார். வாயில் ஒரு குத்து, விலாவில் முழங்கால், காதில் கேரியர், மாலைகள் அறுந்து காலடியில் வழுக்கின, யாரோ அவர் தலையை வாசல் தகரத்தில் மோதினார்கள், ஒரு தடவை, இரண்டு தடவை, கண்ணில் ரத்தமும் குங்குமமும் ஒன்றாக இறங்கின, கம்பியைப் பிடுங்கினார்கள், அப்போது அந்தக் கை வாழ்க்கையில் இரண்டாவது முறையாகக் கம்பியை விட்டு, அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. வண்டி நகர்ந்தது. "இறங்கணும்னுதானே? இறங்கு!" என்றது அதே குரல்.

விழுந்தவர் நடைமேடைக் கடைசியில் உருண்டு ஒரு கல் பெஞ்சில் முட்டி நின்றார். தோரணங்கள் அசைய, பலூன்கள் துடிக்க, ஜால்ரா ஒலிக்க, ஏழு ஐம்பத்திரண்டு சிவப்பாகச் சிரித்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போனது. ஸ்பானர் பின்னாலேயே வந்து கல்லில் விழுந்து கிணுகிணுத்தது.

பச்சைப் புடவைக்காரி ஓடி வந்தாள். அவள் தொட்டதும் கை அவருடைய மணிக்கட்டை விட்டுவிட்டு அவள் மடிக்குப் போய்விட்டது. சீட்டைப் பிய்த்து எறிந்தாள். நாலு நாள் துணிகளை அவிழ்த்தாள். எச்சில் தொட்டு முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தாள், கீழேயிருந்து வளையத் தழும்பு வந்தது. துடைத்தவள் நிறுத்தினாள். கல்லில் கிடந்த ஸ்பானரை எடுத்து, அதன் வளையத்தைத் தழும்பின்மேல் மெல்ல வைத்துப் பார்த்தாள். போல்ட்டின்மேல் உட்கார்ந்தது போலவே கச்சிதமாக உட்கார்ந்தது.

"நான்தானுங்க," என்றார் பொன்னுரங்கம். தமிழ் அவளுக்குத் தெரியாது. "தட்டலீங்க. அடிச்சேன்."

அவள் ஸ்பானரிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து, கணவனின் கையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஸ்பானரை அடிக்கப் பிடிப்பதுபோல மாற்றிப் பிடித்து, அவளுடைய மொழியில் மூன்று சொற்கள் கேட்டாள். அந்த ஒரு வாரத்தில் அவர் காதில் ஓயாமல் விழுந்த சொல் அதில் ஒன்று: கை. அடித்தது எந்தக் கை என்று கேட்கிறாள்.

சாயங்காலம் வண்டி. திங்கட்கிழமை திருப்பூரில் ஒரு மோட்டார் காத்திருக்கிறது. முப்பது வருடமாகச் சோறு போட்ட கை ஒன்று, சும்மா கூட இருந்த கை ஒன்று. இடதை நீட்டினால் இவளுக்குத் தெரியவா போகிறது? அந்த நினைப்பு வந்ததையும், இடது கை தானாகவே ஒரு அங்குலம் நகர்ந்ததையும் பொன்னுரங்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அதை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையைக் கல் பெஞ்சின்மேல் விரல்களை அகல விரித்து வைத்தார். நடுவிரலை மட்டும் சற்று முன்னால் தள்ளி வைத்தார், அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று.